மேட்டில் ஏறினால் தானாக ஒதுங்கிய கார்

உச்சிப்புளி வீட்டுக் கொட்டகையில் நானே கட்டிய சின்னக் கார். மண்டபம் சாலையில் ஒரு பக்கச் சக்கரம் மேட்டில் ஏறினாலே, ஸ்டீயரிங்கை அசைக்காமலே வண்டி ஒதுங்கும். வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம் பார்த்தேன், கச்சிதம் என்றார்கள். டயர் காற்று, பால் ஜாயின்ட், புஷ் எல்லாம் பார்த்தும் அதே கதை.

அலைன்மென்ட் பார்ப்பது வண்டி நிற்கும் உயரத்தில் மட்டும்தான். கோளாறோ சக்கரம் ஏறி இறங்கும்போது. சரி என்று ஸ்பிரிங்கைக் கழற்றி, ஸ்டீயரிங்கைக் கட்டிவைத்து, சக்கரம் பொருந்தும் ஹப்பை ஜாக்கியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி அளந்தேன். மேலே போகப் போகச் சக்கரத்தின் முன்பக்கம் வெளியே திரும்பியது.

என் காரில் சக்கரத்தை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் மேல் ஆர்மும் கீழ் ஆர்மும் ஒரே நீளம், இணையானவை. அப்படியானால் ஸ்டீயரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பியான டை ராடும் ஆர்ம்களுக்கு இணையாக இருக்க வேண்டும்; அதன் உள்முனை, இரண்டு ஆர்ம்களின் உள்பக்க பிவட்களை (ஆர்ம் அசையும் மூட்டுகளை) இணைக்கும் கோட்டில் வர வேண்டும். அந்த முனை ரப்பர் பூட் முடியும் இடமல்ல. உள்ளே மறைந்திருக்கும் பந்து மூட்டின் மையம். பூட்டை விலக்கிப் பார்த்தால் டை ராடின் சரிவு ஆர்ம்களோடு ஒத்துவரவில்லை, டை ராடை இடவலமாகத் தள்ளும் ஸ்டீயரிங் ரேக் இருக்க வேண்டியதைவிட உயரத்தில் இருந்தது. ரேக் முன்சக்கர அச்சுக்கு முன்னால் இருப்பதால்தான் வெளியே திரும்பியது. பின்னால் இருந்தால் உள்ளே திரும்பியிருக்கும்.

ரேக்குக்கு அடியிலிருந்த தகடுகளை எடுத்து இறக்கினேன். உப்புக்காற்றில் இறுகிய போல்ட்டுகளோடு மல்லுக்கட்டியது தனிக்கதை. மறுபடி ஜாக்கி வைத்து அளந்தபோது சக்கரம் நேராகவே ஏறி இறங்கியது.