மின்தடையில் நாஸ் கருவியைக் காப்பது எப்படி? யூபிஎஸ் தேர்வு முதல் சோதனை வரை

கோப்பு எழுதப்பட்டுக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் நாஸ் கருவிக்கு (நெட்வொர்க் வழியே கோப்புகளைச் சேமித்துப் பகிரும் பெட்டி) பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அதனால்தான் பலரும் யூபிஎஸ் அமைக்கும் வேலையைத் தள்ளிப்போடுகிறார்கள். ஆனால் நினைவகத்திலிருந்து டிஸ்க்குக்கு இன்னும் போய்ச் சேராத தரவு அந்தக் கணமே அழிந்துவிடும். பல டிஸ்க்குகளைச் சேர்த்து இயக்கும் ரெய்ட் 5 அமைப்பில் ஒரு டிஸ்க்கில் புதிய தரவும் இன்னொன்றில் பழைய பாரிட்டியும் (பழுதான டிஸ்க்கின் தரவை மீட்க உதவும் கணக்கீடு) தங்கிவிடலாம். அந்தப் பொருத்தமின்மை அன்றைக்குத் தெரியாது. பின்னொரு நாள் ஒரு டிஸ்க் பழுதாகி, மற்றவற்றிலிருந்து தரவை மீட்கும்போதுதான் வெளிப்படும். இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை இந்த வகைச் சேதத்தை நன்றாகத் தாங்கும். ஆனாலும் எழுதி முடிக்காத தரவை அதனாலும் திருப்பித் தர முடியாது.

யூபிஎஸ் தருவது சில நிமிட அவகாசம். அதற்குள் நாஸ் தானாக, முறைப்படி அணைய வேண்டும். மின்சாரம் திரும்பியதும் தானாக இயங்கத் தொடங்க வேண்டும். நீங்கள் வெளியூரில் இருக்கும்போதும் இந்த இரண்டும் நடக்க வேண்டும் என்பதை மனத்தில் வைத்தே கீழே உள்ள படிகளை எழுதியிருக்கிறேன்.

படி 1: எந்த யூபிஎஸ்?

பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் விஏ (வோல்ட் ஆம்பியர்) எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். வாட் எண்ணைப் பாருங்கள். 600 விஏ என்று விற்கப்படும் பல யூபிஎஸ்கள் 360 வாட் வரைதான் தாங்கும். இரண்டு டிஸ்க் கொண்ட வீட்டு நாஸுக்கு இதுவே தாராளம். டிஸ்க் சுழலத் தொடங்கும்போது மட்டும் ஒவ்வொன்றும் 20 வாட்டுக்கு மேல் இழுக்கும்; கணக்கில் அதற்கு இடம் விடுங்கள்.

என் தேர்வு எப்போதும் லைன் இன்டராக்டிவ் வகைதான். மின்னழுத்தம் ஏறி இறங்கும்போது பேட்டரியைத் தொடாமலேயே அது சரிசெய்துகொள்ளும். மின்சாரத்தை எப்போதும் தன் வழியே மாற்றித் தரும் ஆன்லைன் வகை வீட்டுக்கு வேண்டாம். விசிறிச் சத்தமும் சூடும்தான் மிஞ்சும். நாஸ் வெளி அடாப்டரில் ஓடினால் பெரும்பாலும் போலி சைன் அலை (சீரான வளைவாக இல்லாமல் படிப்படியாக ஏறி இறங்கும் மின்னலை) தரும் யூபிஎஸ் போதும். கணினி உதிரிபாகங்களைக் கொண்டு நீங்களே கட்டியது என்றால், ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரம் இழுக்கும் விதத்தைச் சீராக்கும் சுற்று) கொண்ட பவர் சப்ளையாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்குத் தூய சைன் அலை யூபிஎஸ் வாங்குங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், யூஎஸ்பி தரவு இணைப்பு. அது இல்லாத யூபிஎஸ்ஸால் மின்சாரம் போய்விட்டது என்று நாஸிடம் சொல்ல முடியாது. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள். வாங்கும் முன் நாஸ் நிறுவனத்தின் பொருத்தப் பட்டியலிலோ, யூபிஎஸ்ஸுடன் பேசும் மென்பொருளான நட் எனப்படும் நெட்வொர்க் யூபிஎஸ் டூல்ஸ் திட்டத்தின் பட்டியலிலோ அந்த மாடல் இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 2: இணைப்புகள்

பல யூபிஎஸ்களில் எல்லா சாக்கெட்டுகளுக்கும் பேட்டரி கிடையாது. சில மின்னெழுச்சித் தடுப்புக்கு மட்டுமானவை. நாஸ், ரவுட்டர், ஸ்விட்ச் மூன்றையும் பேட்டரி பக்கத்தில் செருகுங்கள். லேசர் பிரிண்டரை அங்கே செருகவே கூடாது.

யூஎஸ்பி கேபிளை நாஸில் நேரடியாகச் செருகுங்கள். சில யூபிஎஸ்களின் தரவுத் துளை லேன் துளை போலவே தோன்றும். அதற்கு யூபிஎஸ்ஸுடன் வரும் கேபிள்தான் வேண்டும், சாதாரண லேன் கேபிள் உதவாது.

படி 3: நாஸ் அமைப்பு

சினாலஜி நிறுவன நாஸில் கண்ட்ரோல் பேனல், ஹார்ட்வேர் அண்ட் பவர், யூபிஎஸ் என்று போங்கள். ட்ரூநாஸ் என்ற நாஸ் மென்பொருளில் சர்வீசஸ் பகுதியில் இருக்கிறது. எப்போது அணைய வேண்டும் என்ற கேள்விக்குப் பேட்டரி குறையும்வரை காத்திருக்கும் தேர்வை எடுக்காதீர்கள். பழைய பேட்டரி இன்னும் 20 நிமிடம் இருப்பதாகச் சொல்லிவிட்டுச் சட்டென்று விழுந்துவிடும். நான் 5 நிமிடம் என்று வைத்திருக்கிறேன்: சிறு தடைகளுக்கு அணையாது, நீண்ட தடைக்குப் பேட்டரி மிச்சம் இருக்கும்.

படி 4: திரும்ப இயங்க வைப்பது

என்னை அதிகம் திணறடித்தது இதுதான். நாஸ் ஒழுங்காக அணைந்தது; மின்சாரமும் வந்தது; நாஸ் மட்டும் எழவில்லை. மின்சாரம் வந்ததும் தானாக இயங்கும் அமைப்பை முன்பே இயக்கியிருந்தேன்.

காரணம் எளிது. நாஸ் அணைந்த பிறகும் யூபிஎஸ் அதற்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. பேட்டரி தீர்வதற்குள் மின்சாரம் திரும்பிவிட்டால், நாஸைப் பொறுத்தவரை மின்சாரம் போகவே இல்லை. போய்த் திரும்பினால்தானே அந்த அமைப்பு வேலை செய்யும்?

தீர்வு, நாஸ் அணையும் தறுவாயில் யூபிஎஸ்ஸின் வெளியீட்டையும் துண்டிக்கும்படி கட்டளையிடுவது. சினாலஜியில் பாதுகாப்பு நிலைக்கு (சேஃப் மோட்) செல்லும்போது யூபிஎஸ்ஸையும் அணைக்கும் தேர்வு அதே பக்கத்தில் இருக்கிறது, அதைக் குறியிடுங்கள். நட் நேரடியாகப் பயன்படுத்துவோர் இரண்டு நேரங்களைக் கவனிக்க வேண்டும். யூஎஸ்பி டிரைவரின் இயல்பு அமைப்பில் கட்டளை போன 20 நொடியில் வெளியீடு துண்டிக்கப்படும். திரும்ப இயங்கும் தாமதம் 30 நொடி. உங்கள் கருவி முழுதாக நிற்க அந்த 20 நொடியைவிட அதிக நேரமெடுத்தால், முதல் எண்ணை 60 ஆக்குங்கள். இரண்டாவது எப்போதும் முதலாவதைவிடப் பெரிதாக இருக்கட்டும். துண்டிக்கும்போது ரவுட்டரும் சேர்ந்து அணையும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

படி 5: சோதனை

முதலில் நாஸின் மின்கம்பியைச் சுவர் சாக்கெட்டிலேயே விட்டு, யூபிஎஸ்ஸில் ஒரு மேசை விளக்கை மட்டும் செருகுங்கள். யூஎஸ்பி கேபிள் நாஸில் இருக்கட்டும். இப்போது யூபிஎஸ்ஸுக்கு வரும் சுவர் சுவிட்சை அணையுங்கள். பிளக்கைப் பிடுங்க வேண்டாம், நில இணைப்பு போய்விடும். குறித்த நிமிடத்தில் நாஸ் அணைய வேண்டும், சற்று நேரத்தில் விளக்கும் அணைய வேண்டும். விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் படி 4 வேலை செய்யவில்லை. தரவுக்கு ஆபத்தின்றி இதைத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை. சரியாக நடந்த பிறகு நாஸை யூபிஎஸ்ஸுக்கு மாற்றி, இன்னொரு முறை முழுச் சோதனை செய்யுங்கள்.

பின்சேர்க்கை

வாசகர்கள் சிலர் துண்டிக்கும் கட்டளையைத் தங்கள் யூபிஎஸ் ஏற்கவில்லை என்று எழுதியிருந்தார்கள். அவர்களுக்கு ஒரு மாற்று வழி: ராஸ்பெரி பை என்ற சிறு கணினியை யூபிஎஸ் இல்லாமல் சுவரில் நேரடியாகச் செருகுங்கள். மின்சாரம் வந்ததும் அது தானாக இயங்கும். சில நிமிடம் பொறுத்து நாஸுக்கு வேக் ஆன் லேன் (நெட்வொர்க் வழியே கருவியை எழுப்பும்) சமிக்ஞை அனுப்பும்படி அமைத்துவிடுங்கள். நாஸில் அந்த வசதியை முதலில் இயக்கியிருக்க வேண்டும்.

வீட்டிலுள்ள மற்ற கணினிகளும் அணைய வேண்டுமா என்று கேட்டவர்களுக்கு: நாஸை நெட்வொர்க் யூபிஎஸ் சர்வராக்கி, அந்தக் கணினிகளின் ஐபி முகவரிகளை அனுமதிப் பட்டியலில் சேருங்கள். நட் பயன்படுத்தும் போர்ட் 3493; ஃபயர்வாலில் அதைத் திறந்துவிடுங்கள், ஆனால் இணையத்துக்குத் திறக்காதீர்கள்.

ஈய அமில பேட்டரி பொதுவாக 3 முதல் 5 ஆண்டு உழைக்கும். சூடான அலமாரிக்குள் வைத்தால் அதுவும் குறையும். மாற்றிய தேதியை யூபிஎஸ்ஸின் மேலேயே எழுதி ஒட்டுங்கள். புதிய பேட்டரி போட்ட அன்றே மேசை விளக்குச் சோதனையை மறுபடியும் செய்துவிடுங்கள்.