கொழும்புத் தொடர்மாடியில் காஸ் அடுப்பும் குசினிக் காற்றும்

வீட்டுக்கு முற்பணம் கட்டும் முன் குசினியில் ஒரு சோதனை செய்யுங்கள். கதவு, யன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு எக்ஸ்ஹோஸ்ட் ஃபேனைப் போட்டு, அதன் வாயில் ஒரு டிஷ்யூத் தாளைப் பிடியுங்கள். பிறகு ஹால் யன்னலை நாலு விரல் அகலம் திறந்து மறுபடி பிடியுங்கள். இரண்டாம் முறைதான் தாள் நன்றாக ஒட்டுகிறது என்றால் அது காற்றுப் புகாத வீடு. ஏசி பில் குறையட்டும் என்று ரப்பர் வைத்து இறுக்கிய அலுமினிய யன்னல்களோடு கட்டப்படும் புதுத் தொடர்மாடிகளில் இது சாதாரணம். உள்ளே காற்று வர வழியில்லாவிட்டால் எவ்வளவு பெரிய ஃபேனும் சும்மா சத்தம்தான் போடும். தாளிக்கும் நேரம் பாத்ரூமிலிருந்து சாக்கடை நாற்றம் வருகிறதா? வேறு வழி கிடைக்காத ஃபேன் தரை வடிகால் வழியாகக் காற்றை இழுக்கிறது. வடிகாலில் தண்ணீர் ஊற்றுவது தற்காலிக மருந்து. யன்னலைத் திறப்பதே வைத்தியம்.

எந்த யன்னல் என்பதும் முக்கியம். ஃபேனுக்குப் பக்கத்து யன்னலைத் திறந்தால் வெளிக்காற்று நேரே ஃபேனுக்குள் போய்விடும், அடுப்புப் புகை அப்படியே நிற்கும். அடுப்பைத் தாண்டி, எதிர்ப்பக்க யன்னலைத் திறவுங்கள். சமைக்கும் நேரம் ஏசி அறைக் கதவைச் சாத்திவிட்டால் குளிரும் வீணாகாது.

செத்தல் மிளகாய் நெடி இருமலோடு போய்விடும். கண்ணுக்குத் தெரியாதது அடுப்புச் சுவாலையிலிருந்து வரும் நைட்ரஜன் டையொக்சைட்டும் நீராவியும். ஒரு கிலோ காஸ் எரிந்தால் சுமார் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வீட்டுக்குள் சேரும். இடியப்பம், புட்டு அவிக்கும் ஆவி தனிக் கணக்கு. கொழும்பின் புழுக்கத்தில் இது அலுமாரிக்குப் பின்னால் பூஞ்சணமாக முளைக்கும்.

அடுப்புக்கு மேலே புகையை இழுக்கும் ஹூட் இருந்தால் அதன் குழாய் எங்கே போகிறது என்று கேளுங்கள். குழாயே இல்லாமல் கரி ஃபில்டர் மட்டும் உள்ளவை எண்ணெயையும் மணத்தையும் ஓரளவு பிடிக்கும், நீராவியையும் நச்சு வாயுவான கார்பன் மொனொக்சைட்டையும் திருப்பி உங்கள் முகத்துக்கே அனுப்பும். அதை நம்பி யன்னலைச் சாத்தாதீர்கள். புதிதாகப் பூட்டுவதானால் மணிக்கு 15 தடவை காற்று மாறவேண்டும் என்ற கணக்கில் குசினியின் கன அளவை 15ஆல் பெருக்குங்கள்: 3 மீற்றர் நீளம், 2.5 அகலம், 2.7 உயரம் என்றால் ஏறத்தாழ 20 கன மீற்றர், ஆக மணிக்கு 300 கன மீற்றர் இழுக்கும் ஃபேன் தேவை. மிளகாய் வறுக்கிற வீட்டுக்கு இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். ஹூட் அடுப்பிலிருந்து 65 முதல் 75 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கட்டும். சுவர்க் குழாயின் விட்டம் 150 மில்லிமீற்றர், வளைவுகள் இரண்டுக்கு மேல் வேண்டாம். வேலைக்கு வருபவர் 100 மில்லிமீற்றருக்குக் குறுக்கப் பார்ப்பார். விடாதீர்கள், காற்று குறைந்து சத்தம் கூடும்.

மரைன் டிரைவ் பக்கம் கடலைப் பார்த்த வீடென்றால் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் காற்று ஃபேனுக்கு எதிராக அடித்து நெடியை உள்ளேயே தள்ளும். வெளிவாயில், காற்றை வெளியே மட்டும் விடும் ஒருபக்க மூடி பூட்டினால் ஃபேன் நிற்கும்போதாவது காற்று உள்ளே வராது. உப்புக் காற்றில் அந்த மூடி துருப்பிடித்து இறுகும், பிளாஸ்டிக்கில் வாங்குங்கள்.

காஸ் விஷயம்: தமிழ்நாட்டின் 14.2 கிலோவுக்குப் பழகியவர்களுக்கு இங்கே 12.5 கிலோ சிலிண்டர், லிட்ரோ அல்லது லாஃப்ஸ். ஊரிலிருந்து ரெகுலேட்டர் கொண்டுவர வேண்டாம். எந்தக் கம்பனி என்று முடிவானபின் அந்தச் சிலிண்டருக்குப் பொருந்துவதை இங்கேயே வாங்குங்கள். பழைய குடித்தனக்காரர் விட்டுப்போன ஹோஸை மாற்றிவிடுங்கள். 2021 இறுதியில் இலங்கையில் காஸ் வெடிப்புகள் அடுத்தடுத்து நடந்தபோது காஸ் கலவையில் புரொப்பேன் விகிதம் கூட்டப்பட்டது பெரும் பேச்சானது. புரொப்பேன் கூடினால் சிலிண்டரின் அழுத்தம் கூடும். நைந்த ஹோஸும் தளர்ந்த கிளிப்பும்தான் முதலில் கசியும். ஒவ்வொரு சிலிண்டர் மாற்றியபின்னும் இணைப்புகளில் சவர்க்கார நுரை தடவிப் பாருங்கள். குமிழி ஊதினால் கசிவு.

சுவாலை மஞ்சளாகிப் பானை அடி கறுத்தால் பர்னர் ஓட்டைகளை ஊசியால் குத்திக் கழுவுங்கள். அதற்கும் நீலமாகாவிட்டால் திருத்துபவரைக் கூப்பிடும்வரை அந்த அடுப்பில் சமைக்க வேண்டாம்.

காஸ் மணம் வந்தால் எக்ஸ்ஹோஸ்ட் ஃபேனைப் போடவே கூடாது. காஸ் காற்றைவிடக் கனமானது, தரையில் படுத்துக் கிடக்கும். உயரத்து ஃபேன் அதை எடுக்காது, சுவிட்ச்சின் பொறி பற்றவைத்துவிடலாம். ரெகுலேட்டரை மூடி, பால்கனிக் கதவைத் திறந்து, லைட் சுவிட்ச் எதையும் தொடாமல் வெளியே போய், தீயணைப்புப் படையை 110இல் அழையுங்கள்.