பேம்பூ இறாலைப் பட்டினி போடாமல் வளர்ப்பது எப்படி?

பேம்பூ இறாலுக்கு முன்கால்கள் நான்கின் நுனியிலும் இடுக்கி கிடையாது. மெல்லிய மயிரிழைகளாலான விசிறிதான் உண்டு. ஓடும் நீரை எதிர்நோக்கி உட்கார்ந்து விசிறிகளை விரிக்கும். சிக்கிய துகள்களை ஒவ்வொன்றாக வாயில் வழித்துக்கொள்ளும். தென்கிழக்கு ஆசியாவின் ஓடைகளில் வாழ்கிற இனம் இது. அறிவியல் பெயர் அட்யாப்சிஸ் மொலுக்கென்சிஸ். வீட்டுத் தொட்டியில் இதைக் கொல்வது பெரும்பாலும் பசிதான்.

தொட்டி 80 லிட்டருக்குக் குறையக் கூடாது. நீர் நிரப்பி பில்டர் ஓடத் தொடங்கி மூன்று மாதமாவது ஆகியிருக்க வேண்டும். வெப்பம் 23 முதல் 28 டிகிரி, பி.எச். 6.5 முதல் 7.5. சென்னைக் கோடையில் நீரின் மேற்பரப்பில் காற்றுப் படும்படி ஒரு சிறிய மின்விசிறியை வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆவியாகிக் குறையும் நீரை ஆர்.ஓ. நீரால் ஈடுசெய்யுங்கள், போர்வெல் நீரை ஊற்றிக்கொண்டே போனால் உப்பு ஏறிவிடும்.

நீரோட்டம் தொட்டி முழுவதும் வேண்டாம், ஒரு பக்கம் போதும். சிறிய பவர்ஹெட் (நீரைத் தள்ளி ஓட்டம் உண்டாக்கும், தொட்டிக்குள் வைக்கும் மோட்டார்) ஒன்றை மாட்டி, அதன் பாதையில் ஒரு மரக்கட்டையை வையுங்கள். இறால் உட்காரும் மேடை அதுதான். பில்டரில் என் தேர்வு எப்போதும் ஸ்பாஞ்ச் பில்டர். மெல்லிய பஞ்சு அடைத்த பில்டர்கள் தண்ணீரைக் கண்ணாடியாக்கிவிடும். அந்தத் தெளிவில் இந்த இறாலுக்குத் தின்ன எதுவும் மிஞ்சாது.

வாங்கி வந்ததும் ஏர் டியூபில் முடிச்சுப் போட்டு, இறால் இருக்கும் பாத்திரத்தில் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக ஒன்றரை மணி நேரம் கலந்துவிட்டு, பிறகு இறாலைத் தொட்டிக்குள் விடுங்கள்.

இனி உணவு. பலரும் தடுமாறும் இடம் இதுதான். கீழே விழும் வில்லைகள் இதற்குப் பயன்படாது. ஸ்பைருலினா பொடியோ, மாவாகப் பொடித்த மீன் உணவோ ஒரு சிட்டிகை எடுத்து, தொட்டி நீரில் கலக்குங்கள். ஒரு நிமிடம் விட்டால் கனமான துகள்கள் அடியில் படியும். மேலே உள்ள கலங்கல் நீரை மட்டும் ஊசியில்லாத சிரிஞ்சில் உறிஞ்சுங்கள். பில்டரை நிறுத்துங்கள், பவர்ஹெட் ஓடட்டும். அதன் வாய்க்கு அருகே கலங்கலை மெதுவாக விட்டால், நீரோட்டமே அதை இறாலிடம் கொண்டுபோகும். சில நொடிகளில் விசிறிகள் விரிந்து மூடும் வேகம் கூடுவதைப் பாருங்கள், அவ்வளவு அழகு! இருபது நிமிடம் கழித்துப் பில்டரை மறக்காமல் போடுங்கள். தினமும் கொஞ்சமாகக் கொடுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் அமோனியா ஏறும்.

விசிறிகளை மூடிக்கொண்டு மணலைத் துழாவிக்கொண்டே இருந்தால் அது பசியின் அடையாளம். புதிதாக வந்த ஓரிரு நாள் அப்படித் திரிவது இயல்பு. தொடர்ந்தால் முதலில் நீரோட்டத்தைப் பாருங்கள், பிறகு உணவின் அளவை.

மீன்களின் வெண்புள்ளி நோய்க்குத் தரும் மருந்துகள் பலவற்றில் தாமிரம் இருக்கிறது. இறாலுக்கு அது நஞ்சு. தொட்டியில் ஊற்றவே ஊற்றாதீர்கள். தங்கமீன், சிக்லிட் வகைகளுடன் இதைச் சேர்க்காதீர்கள். நியான் டெட்ராவும் செர்ரி இறாலும் நல்ல துணை.

பின்சேர்க்கை: “இறால் செத்துக் கிடக்கிறது” என்று படம் அனுப்பியவர்களில் சிலர் காட்டியது, வளரும்போது இறால் உரித்துப் போட்ட மேலோட்டை, அதாவது சட்டையைத்தான். உள்ளே வெறுமையாக, ஒளி ஊடுருவும்படி, முதுகில் பிளந்திருந்தால் அது சட்டை. இறால் சில நாள் மறைவிலிருந்து வெளியே வராது. தேடிக் கட்டைகளைப் புரட்டாதீர்கள். சட்டையையும் அங்கேயே விடுங்கள், இறால்கள் அதைத் தின்று சுண்ணாம்பை மீட்டுக்கொள்ளும்.

குஞ்சு பொரிக்குமா என்றும் கேட்கிறார்கள். பொரிக்கும், ஆனால் அந்த நுண்குஞ்சுகள் வளர உப்பு கலந்த நீர் வேண்டும், நன்னீர்த் தொட்டியில் பிழைக்காது. கடைக்கு வருபவை பெரும்பாலும் ஓடைகளில் பிடித்தவை, பயணத்தில் பட்டினி கிடந்தவை. ஆகவே கடைத் தொட்டியில் விசிறி விரித்து உட்கார்ந்திருப்பதைத் தேர்ந்தெடுங்கள். விசிறி ஒன்று முறிந்திருந்தால் கவலை வேண்டாம், அடுத்தடுத்த சட்டை உரிப்புகளில் வளர்ந்துவிடும்.