எண்ணெய்த் துளிக்குள் வண்ணம்: மேசைமேல் ஒரு குளோசப் பயிற்சி

குளோசப் படம் பழகப் பலரும் பூவிலும் பூச்சியிலும்தான் தொடங்குவார்கள். பூச்சி பறந்துவிடும், பூ காற்றில் ஆடும், வெயில் மாறிக்கொண்டே இருக்கும். எது தப்பானது என்று கண்டுபிடிப்பதற்குள் அலுத்துவிடும். தண்ணீரில் மிதக்கும் எண்ணெய்த் துளி அப்படியில்லை. ஒளி, நிறம், தூரம் மூன்றையும் நாமே வைக்கிறோம். படம் கெட்டால் காரணமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

தொடங்குமுன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் வரப்போகும் நிறம் எண்ணெயில் இல்லை, அடியில் கிடக்கும் தாளில் இருக்கிறது. துளி ஒரு குட்டி லென்ஸ், அவ்வளவுதான். தண்ணீரின் ஒளிவிலகல் எண் சுமார் 1.33, சமையல் எண்ணெய்க்குச் சுமார் 1.47. அந்த வித்தியாசத்தால்தான் துளி ஒளியை வளைத்து, கீழே உள்ள நிறங்களைத் தனக்குள் சுருக்கிக் காட்டுகிறது. ஆகவே விளக்கைப் பாத்திரத்துக்குக் காட்டாதீர்கள், தாளுக்குக் காட்டுங்கள். முதல் நாள் எடுக்கும் படங்கள் வெளிறிப்போக முக்கால்வாசிக் காரணம் இதைத் தலைகீழாகச் செய்வதுதான்.

என்னென்ன வேண்டும்

- அடி தட்டையான, கீறலோ எழுத்தோ இல்லாத கண்ணாடிப் பாத்திரம், 20 செ.மீ. அகலம்
- ஒரே உயரத்தில் இரண்டு புத்தக அடுக்குகள், ஒவ்வொன்றும் 20 முதல் 25 செ.மீ.
- பளபளப்பு இல்லாத வண்ணத்தாள்கள், கூடவே ஒரு வெள்ளைத் தாள்
- நிறம் குறைந்த சுத்திகரித்த எண்ணெய், அரை தேக்கரண்டி
- பாத்திரம் கழுவும் திரவம், ஒரே ஒரு சொட்டு
- சொட்டு மருந்துக் குழாய், பல்குத்தும் குச்சி
- கழுத்து வளையும் மேசை விளக்கு
- கேமரா அல்லது கைபேசி, அதைக் கீழ்நோக்கிப் பிடிக்க ட்ரைபாட்

மேக்ரோ லென்ஸ் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறையில்லை. சாதாரண லென்ஸின் முன் திருகும் குளோசப் ஃபில்டர் போதும். +4 ஃபில்டர் மாட்டினால், லென்ஸின் ஃபோகஸ் முடிவிலியில் (வெகுதூரத்துக்கு) வைத்திருந்தாலே 25 செ.மீ. தூரத்தில் இருப்பது தெளிவாகும். +10 என்றால் 10 செ.மீ. கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் வெற்றுக் குழாயான எக்ஸ்டென்ஷன் டியூப் வாங்குவதானால் கணக்கு எளிது: டியூபின் நீளத்தை லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால், கூடுதலாகக் கிடைக்கும் உருப்பெருக்கம் வந்துவிடும். 50 மி.மீ. லென்ஸுக்கு 25 மி.மீ. டியூப் போட்டால் அரை மடங்கு, அதாவது சென்சாரில் விழும் பிம்பம் நிஜப் பொருளில் பாதி அளவு. இந்தப் பயிற்சிக்கு அதுவே தாராளம்.

படி 1: தண்ணீரைத் தயார் செய்வது

குழாயிலிருந்து நேராகப் பிடித்த தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று, கொஞ்ச நேரத்தில் பொடிக் குமிழிகளாகப் பாத்திரத்தின் அடியில் ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. குளோசப்பில் அம்மைத் தழும்பு போல நிற்கும். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரை எடுத்துக்கொண்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. பாத்திரத்தை நார் உதிராத துணியால் துடைத்து, 2 செ.மீ. உயரத்துக்கு ஊற்றுங்கள்.

கழுவும் திரவத்தில் ஒரு சொட்டு விட்டு, நுரை எழாமல் குச்சியால் மெதுவாகக் கலக்குங்கள். இது தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கிறது. இதனால் எண்ணெய் பெரிய படலமாகப் பரவாமல் தனித்தனி வட்டங்களாக நிற்கும், ஒன்றோடொன்று சேரவும் நேரமெடுக்கும். இரண்டு மூன்று சொட்டு விட்டால், பின்னால் எண்ணெயைக் கலைக்கும்போது தண்ணீர் பால் போலக் கலங்கிவிடும். அப்புறம் சரிசெய்ய வழியில்லை, கொட்டிவிட்டு முதலிலிருந்து வர வேண்டியதுதான்.

எண்ணெயை இப்போது விடாதீர்கள், கடைசியில்.

படி 2: தாளும் தூரமும்

புத்தக அடுக்குகளுக்கு நடுவே மேசைமேல் தாளைப் பரப்பி, பாத்திரத்தைப் பாலம் போல அடுக்குகளின்மேல் வையுங்கள். தாளுக்கும் பாத்திரத்துக்கும் 20 செ.மீ. இடைவெளி இருந்தால் தாளின் நார், மடிப்பு, தூசி எல்லாம் மங்கி நிறம் மட்டும் மிஞ்சும். 5 செ.மீ.க்குக் குறைத்தால் தாளின் சொரசொரப்பே படத்தில் வந்துவிடும்.

நிறத்தில் பேராசை வேண்டாம். இரண்டு போதும், மூன்றாவது ஒரு துணுக்காக இருக்கட்டும். நீலத் தாளின் மேல் கையகல ஆரஞ்சுத் துண்டு ஒன்றை ஓரமாகப் போட்டுப் பாருங்கள். பின்னணி நீலமாக இருக்கும், ஒவ்வொரு துளிக்குள்ளும் ஆரஞ்சு ஒரு பிறை போல எட்டிப்பார்க்கும். துண்டை இடப்பக்கம் நகர்த்தினால், சிறிய துளிகளுக்குள் பிறை வலப்பக்கம் நகரும். துளி படத்தைத் தலைகீழாக்குகிறது என்பதற்கு இதுவே சாட்சி. பெரிய துளிகளின் நடுப்பகுதி தட்டையாக இருப்பதால் அங்கே இந்த வித்தை அவ்வளவாக நடக்காது.

பலரும் கவனிக்காத ஒன்று, தாளின் அளவு. துளியின் விளிம்பு ஒளியை அதிகமாக வளைக்கிறது, அதாவது தாளுக்கு வெளியே பக்கவாட்டில் இருப்பதைக் காட்டுகிறது. தாள் சிறியதாக, சுற்றிலும் இருட்டாக இருந்தால் ஒவ்வொரு துளிக்கும் பேனாவால் வரைந்தது போலக் கறுப்பு விளிம்பு கிடைக்கும். தாள் மிகப் பெரியதாக இருந்தால் அந்த விளிம்பு கரைந்து, துளி பின்னணியோடு கலந்துவிடும். துளிகள் ‘எடுப்பாக’ இல்லை என்று தோன்றினால், படத்தைத் திருத்துவதற்கு முன் தாளை வெட்டிச் சிறிதாக்கிப் பாருங்கள்.

படி 3: ஒளி

அறை விளக்குகளை அணைத்துவிட்டு, மேசை விளக்கைப் பாத்திரத்தின் அடிமட்டத்துக்கும் கீழே இறக்கிப் பக்கத்திலிருந்து தாளை நோக்கித் திருப்புங்கள். விளக்கின் ஒளி தண்ணீரின் மேற்பரப்பில் நேரடியாக விழவே கூடாது. விழுந்தால் ஒவ்வொரு துளியிலும் ஒரு வெள்ளைப் பொட்டு வந்து உட்காரும்.

கேமராவின் பிம்பமே தண்ணீரில் தெரிகிறதா? கறுப்பு அட்டையில் லென்ஸ் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு முகப்பில் மாட்டிவிடுங்கள்.

எல்இடி விளக்கு என்றால் ஒரு எச்சரிக்கை. மலிவான எல்இடி மின்சாரத்தின் துடிப்போடு சேர்ந்து துடிக்கும். ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் படத்தில் பட்டை பட்டையாக வெளிச்சம் மாறும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் 1/50 அல்லது 1/100, 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60 அல்லது 1/120 வைத்தால் பட்டைகள் மறையும்.

படி 4: கேமராவை நிறுத்துவது

லென்ஸின் முகப்பு தண்ணீர் மட்டத்துக்குச் சரியாக இணையாக இருக்க வேண்டும். ‘கிட்டத்தட்ட’ இணை போதாது. சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் கேமராவில், அரை மடங்கு உருப்பெருக்கத்தில், எஃப் 8-ல் (எஃப் எண் லென்ஸ் துளையின் அளவு, எண் கூடினால் துளை சிறிது) தெளிவாக வரும் ஆழம் சுமார் 2 மி.மீ.தான். நிஜ அளவுக்கே போனால் அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். கேமரா லேசாகச் சாய்ந்தாலும் ஒரு பக்கத் துளிகள் கூர்மையாகவும் மறுபக்கத் துளிகள் மசமசவென்றும் வரும். கைபேசியிலுள்ள மட்டம் பார்க்கும் வசதியை முதலில் பாத்திரத்தின் விளிம்பிலும், பிறகு கேமராவின் முதுகுத் திரைமேலும் வைத்துப் பாருங்கள்.

ஜூம் லென்ஸைக் கீழ்நோக்கித் தொங்கவிட்டால் தன் எடையிலேயே வழுக்கி நீளும். ஜூம் வளையத்தின் குறுக்கே ஒரு ரப்பர் பேண்டைப் போட்டுவிடுங்கள். தோள்வாரைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அது தண்ணீரில் நீச்சலடிக்கும்.

கைபேசியென்றால் இன்னொரு புத்தக அடுக்கின் விளிம்பில், லென்ஸ் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி படுக்கவைக்கலாம். கிட்டே போனதும் சில கைபேசிகள் தாமாகவே அகலக்கோண லென்ஸுக்கு மாறிவிடும், பாத்திரத்தின் ஓரமும் புத்தகமும் படத்துக்குள் வந்துவிடும். அமைப்பில் அதை நிறுத்திவிட்டு, சற்று மேலே தூக்கி 2 மடங்கு ஜூமில் எடுங்கள்.

படி 5: ஒயிட் பேலன்ஸும் எக்ஸ்போஷரும்

விளக்கின் நிறத்துக்கேற்ப வெள்ளையை வெள்ளையாகக் காட்டக் கேமரா செய்யும் திருத்தம்தான் ஒயிட் பேலன்ஸ். அதை ஆட்டோவில் விட்டு இங்கே நம்பவே கூடாது. சட்டகம் முழுக்க ஆரஞ்சு இருந்தால், ‘விளக்கு மஞ்சளாக எரிகிறது போல’ என்று கேமரா நினைத்து நீலத்தைக் கலக்கும். ஆசையாகத் தேர்ந்தெடுத்த ஆரஞ்சு மண்நிறமாகிவிடும். வண்ணத்தாளின் மேல் வெள்ளைத் தாளை விரித்து, அதே விளக்கில் ஒரு படம் எடுத்து, அதை வைத்துக் கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் போடுங்கள். பிறகு வெள்ளைத் தாளை உருவிவிடலாம். ரா கோப்பாக (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுத்தால் பின்னால் மாற்றலாம்தான், ஆனால் திரையில் பார்த்துக்கொண்டே தாளை நகர்த்தும் வேலை இது. அங்கே நிறம் சரியாகத் தெரிந்தாக வேண்டும்.

தொடக்கத்துக்கு எஃப் 8, 1/100, ஐஎஸ்ஓ 400. எல்லாம் தெளிவாக வரட்டும் என்று எஃப் 22-க்குப் போக வேண்டாம், அங்கே சின்னத் துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் (விளிம்பு விளைவு) மொத்தப் படமும் மழுங்கும்.

சிவப்பு, ஆரஞ்சுத் தாள்களில் இன்னொரு பொறி இருக்கிறது. வெளிச்சத்தின் அளவை இடமிருந்து வலமாகக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் மொத்தத்தில் சாதுவாகத் தெரியும், சிவப்பு மட்டும் வலது சுவரில் முட்டி நிற்கும். அப்படிப் போன சிவப்பில் ஏற்ற இறக்கமே இருக்காது, பெயின்ட் அடித்த மாதிரி தட்டையாக வரும். நிறவாரியான ஹிஸ்டோகிராமைப் பார்த்து, முட்டினால் எக்ஸ்போஷரை -0.7 வரை குறையுங்கள்.

படி 6: எண்ணெய்

சொட்டுக் குழாயைத் தண்ணீரின் மேற்பரப்புக்கு அருகில் கொண்டுபோய், நாலைந்து இடங்களில் சொட்டுங்கள். உயரத்திலிருந்து விட்டால் குமிழி உள்ளே சிக்கிக்கொள்ளும். பெரிய துளியைக் குச்சியால் கிழித்தால் பொடித் துளிகள் பிரியும். பெரிதும் சிறிதும் கலந்திருந்தால்தான் படத்துக்கு அழகு. சிக்கிய குமிழியைக் குச்சி முனையால் உடைத்துவிடலாம்.

ஒரு நிமிடம் பொறுங்கள், தண்ணீர் அடங்கட்டும். ஃபோகஸை மேனுவலுக்கு மாற்றி, திரையில் பெரிதாக்கி, நடுத்தரத் துளி ஒன்றின் விளிம்பு கூர்மையாகும் வரை திருப்புங்கள். துளிகள் நகர்ந்துகொண்டே இருப்பதால், நல்ல அமைப்பு சட்டகத்துக்குள் நுழையும்போது ஐந்தாறு படங்களாகத் தொடர்ந்து எடுத்துவிடுவது நல்லது.

அடுத்த கட்டம்: விடுமுறைப் படம் ஒரு துளிக்குள்

இதே அமைப்பில் தாளுக்குப் பதிலாக டேப்லெட்டை வைத்து, சுற்றுலாவில் எடுத்த படம் ஒன்றைத் திரையில் போடலாம். இங்கே எண்ணெயை விட, வெறும் கண்ணாடித் தகட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் தண்ணீர்த் துளி நன்றாக வேலை செய்யும். துளி உருண்டையாக நிற்க, தகட்டில் மெழுகு பாலிஷை மிக மெல்லியதாகத் தேய்த்துத் துடைத்துவிடுங்கள். தண்ணீரும் கிளிசரினும் சம அளவு கலந்துகொண்டால் துளி சீக்கிரம் உலராது. 4 அல்லது 5 மி.மீ. துளியே போதும். டேப்லெட்டின் மேல் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள் ஒன்றைப் போர்த்துவது புத்திசாலித்தனம்.

துளி தலைகீழாகக் காட்டும் என்பதால், டேப்லெட்டையே தலைகீழாகத் திருப்பி வைத்தால் படம் நேராகத் தெரியும். எந்தப் படம் எடுபடும்? சூரியன் மறையும் கடற்கரை, ஒற்றை மரம், சிவப்புக் குடை, தனிப் படகு. இருபது பேர் வரிசையாக நிற்கும் குழுப்படம் துளிக்குள் போனால் கடுகு சிந்தியது போல இருக்கும்.

லென்ஸில் போலரைசர் (ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் ஃபில்டர்) இருந்தால் கழற்றிவிடுங்கள். எல்சிடி திரையிலிருந்து வரும் ஒளி ஏற்கெனவே தளவிளைவு அடைந்தது, அதாவது ஒரே தளத்தில் அதிர்வது, ஃபில்டரைத் திருப்பும் ஒரு கோணத்தில் திரை மொத்தமாக இருண்டுபோகும். (திரையை வெள்ளையாக்கி, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் அளவுகோலை வைத்து, போலரைசரோடு பார்த்தால் வானவில் கோடுகள் கிளம்பும். அது தனி விளையாட்டு.)

ஃபோகஸில்தான் பலரும் தடுமாறுவார்கள். துளியின் விளிம்பும் துளிக்குள் தெரியும் படமும் ஒரே தளத்தில் இல்லை. படம் துளிக்குச் சில மில்லிமீட்டர் மேலே, கேமராவின் பக்கமாக உருவாகிறது. 2 மி.மீ. ஆழத்தில் இரண்டும் அடங்காது. எண்ணெய் போல இந்தத் துளி நகராது என்பதால், விளிம்புக்கு ஒன்று, உள்படத்துக்கு ஒன்று என இரண்டாக எடுத்து, கணினியில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி இணைக்கலாம். ஒரே படத்தில் முடிக்க வேண்டுமென்றால் உள்ளே தெரிவதைக் கூர்மையாக்குங்கள், விளிம்பு கொஞ்சம் மங்கினால் யாரும் கேட்கப்போவதில்லை.