நிக்காஹ் பத்திரிகையில் பெயருக்கு முன்னால் என்ன போடுவது?

மயிலாடுதுறை, கும்பகோணம் பக்கம் டிடிபி வேலை பார்க்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீட்டுக் கல்யாணத்துக்குத் தாங்களே மேட்டர் எழுதிக் கொண்டுவருகிறவர்களுக்கும் உதவும்.

முதலில் நான் வாங்கின அடி. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பத்திரிகையில், மாப்பிள்ளையின் காலமான தாத்தாவுக்குப் போட வேண்டிய 'மர்ஹூம்' ஒரு வரி கீழே இறங்கி, மாப்பிள்ளையின் அத்தா (அப்பா) பெயரில் ஏறிவிட்டது. அவர் எங்கள் கடையில் டீ குடித்துக்கொண்டே புரூஃப் பார்த்துக் கையெழுத்தும் போட்டவர்தான், ஆனால் சொந்தப் பெயரை யார் எழுத்தெழுத்தாகப் படிக்கிறார்கள்? 400 பத்திரிகையிலும் ராத்திரி முழுக்கச் சீட்டு ஒட்டினோம். "இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேனே தம்பி" என்று மட்டும் சொன்னார்.

மர்ஹூம் என்றால் 'அருள் செய்யப்பட்டவர்'. ரஹ்மான், ரஹீம் எல்லாம் பிறந்த அதே வேரில் வந்த சொல். இறந்துபோனவர்களுக்கு மட்டும்தான் போடுவார்கள், பெண்ணென்றால் மர்ஹூமா. ஆகவே மேட்டர் கைக்கு வந்ததும் முதல் கேள்வி, இதில் யார் யார் இருக்கிறார்கள், யார் யார் இல்லை என்பதுதான். கேட்கச் சங்கடமாக இருந்தாலும் கேட்டுவிடுங்கள்.

அடுத்து ஹாஜி. ஹஜ் செய்தவருக்கு மட்டும். உம்ரா என்கிற மக்கா பயணம் வருஷத்தில் எப்போது வேண்டுமானாலும் போய்வரலாம், அதற்கு இந்தப் பட்டம் கிடையாது. ஹஜ் துல்ஹஜ் மாதத்தில் குறிப்பிட்ட நாள்களில் செய்வது. 'அல்ஹாஜ்' என்று போட்டால் மறுபடி ஹாஜி வேண்டாம், இரண்டும் ஒன்றுதான். பெரியப்பா ஒருவருக்கு ஹாஜி போட்டு, கூடவே போய்வந்த பெரியம்மாவுக்கு ஹாஜியா போடாமல் விட்டால் பத்திரிகை வைக்கப் போகிற இடத்தில் வாங்கிக் கட்டிக்கொள்வது நீங்கள் இல்லை, கல்யாண வீட்டார்.

சரி, ஜனாப். அரபியில் 'பக்கம்', 'அருகு' என்கிற பொருளுள்ள சொல், பாரசீகம், உருது வழியாக நம்மிடம் வந்து 'திரு' ஆகிவிட்டது. யாருக்கும் போடலாம், தகுதி பார்க்க வேண்டாம். சிக்கல் எங்கே என்றால், திருவுக்குத் திருமதி மாதிரி ஜனாபுக்கு 'ஜனாபா' என்று நம் பக்கத்தில் ஒரு வழக்கம் ஓடுகிறது. அரபியில் ஜனாபா என்றால் குளிப்புக் கடமையாகிற தீட்டு நிலை! மார்க்கச் சட்ட நூல்களில் 'ஜனாபத்' என்று வருவது இதுதான். ஒரு ஹஜ்ரத் இதைச் சொன்னதிலிருந்து நான் பெண்கள் பெயருக்கு முன் திருமதி என்றே போடுகிறேன். யாரும் இதுவரை குறை சொன்னதில்லை.

ஹஜ்ரத் என்பதும் இப்படித்தான், மூலப்பொருள் 'முன்னிலை', 'சமூகம்'. ராஜா காலத்துத் தமிழில் 'சமூகத்துக்கு' என்று எழுதினார்களே, அதே மரியாதை. நம் ஊரில் பள்ளிவாசல் இமாமையும் மதரஸா ஆசிரியரையும் அப்படித்தான் கூப்பிடுகிறோம்.

படித்து வாங்குகிற பட்டங்களில் கையை வைக்கும்போது கவனம். ஆலிம் என்றால் அறிந்தவர், பன்மை உலமா. ஹாஃபிழ் என்றால் காப்பவர், குர்ஆனின் 114 அத்தியாயங்களையும் நெஞ்சில் வைத்திருப்பவர். பாதி மனப்பாடம் செய்த பையனுக்கு மாமா ஆசையாக எழுதிக் கொடுத்தாலும் போடாதீர்கள். மௌலானா என்பதில் கடைசி 'னா'வுக்கு 'எங்கள்' என்று அர்த்தம், 'எங்கள் தலைவர்'. குர்ஆனில் 2:286இல் இந்தச் சொல்லால் இறைவனையே அழைக்கிறார்கள். 'மவ்லா'வுக்கு அரபியில் எஜமான் என்றும் விடுதலை பெற்ற அடிமை என்றும் இரண்டு பொருளும் உண்டு என்பது வேடிக்கை.

பெயருக்குப் பின்னால் வருவது குடும்பப் பெயர் இல்லை, ஓதின மதரஸா. நீடூர் மிஸ்பாஹுல் ஹுதாவில் ஓதியவர் மிஸ்பாஹி, லால்பேட்டை மன்பவுல் அன்வாரில் ஓதியவர் மன்பஈ, வேலூர் பாகியாத்தில் ஓதியவர் பாகவி. மாற்றிப் போட்டால் சிரித்துக்கொண்டே திருத்துவார்கள், ஆனால் மறக்க மாட்டார்கள்.

காஜி அல்லது காழி என்றால் நீதிபதி. சீர்காழிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கேட்டவர்கள் இருக்கிறார்கள். பாங்கு சொல்லித் தொழுகைக்கு அழைக்கிற முஅத்தினுக்கு நாம் 'ஆர்' சேர்த்து மோதினார் ஆக்கிவிட்டோம், நபிக்குக் 'கள்'ளும் நாயகமும் சேர்த்த மாதிரி. நாகூர் தர்கா பெரியவரை 'ஆண்டவர்', 'எஜமான்' என்பதும் நம் தமிழ் கொடுத்த மரியாதைதான். சையது என்பது நபியின் மகள் ஃபாத்திமா வழி வந்தவர்களுக்கான சொல், மேட்டரில் இருந்தால் டைப் செய்யுங்கள், அழகுக்காகச் சேர்க்காதீர்கள்.

அப்புறம் அடைப்புக்குறிச் சுருக்கங்கள். இவை பட்டங்கள் இல்லை, துஆக்கள், அதாவது பிரார்த்தனைகள். நபிகள் நாயகத்துக்கு (ஸல்), மற்ற நபிமார்களுக்கு (அலை), தோழர்களுக்கு (ரலி), பிற்கால இறைநேசர்களுக்கு (ரஹ்). ஈசா நபிக்கு (ரலி) போட்டு ஒரு புரூஃப் என் மேஜைக்கே வந்தது. இன்னொன்று, வரி முடிவில் 'நபி' ஒரு பக்கமும் '(ஸல்)' அடுத்த வரியிலுமாகப் பிரிந்து நிற்கும். எழுத்தின் அளவை அரைப் புள்ளி குறைத்தாவது ஒரே வரிக்குள் கொண்டுவந்துவிட்டு பிளேட்டுக்கு அனுப்புங்கள்.