"அக்கா, இதுல என்ன போட்டிருக்கு?": உயர்நிலைப் பள்ளிகள் வீட்டுக்குச் செய்தி சொல்வதில் செய்யும் தவறுகள்

ராத்திரி ஒன்பதரைக்கு மேல்தான் என் போனில் பள்ளிக்கூடங்கள் பேசத் தொடங்கும். தில்லி ஆர்.கே. புரத்தில் இருக்கிறேன். இருபத்திரண்டு வருடம் ஆசிரியை வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வீட்டுவேலைக்குப் போகும் பெண்கள், ஓட்டுநர்கள், அலுவலக உதவியாளர்கள் என்று ஒரு முப்பது தமிழ்க் குடும்பங்கள், தங்கள் பிள்ளையின் பள்ளி அனுப்பும் சர்க்குலரை அப்படியே எனக்கு ஃபார்வர்ட் செய்வார்கள். கூடவே ஒரு குரல்பதிவு: "அக்கா, இதுல என்ன போட்டிருக்கு?"

நானும் ஒரு காலத்தில் இதே சர்க்குலர்களை எழுதியவள்தான். அன்றைக்கு இந்தக் கேள்வி என் காதில் விழவில்லை. இப்போது பல பள்ளிகளின் செய்திகளை வாங்கும் பக்கத்திலிருந்து படிக்கும்போதுதான் எங்கே கோளாறு என்று தெரிகிறது. பள்ளிகள் சொல்லாமல் இல்லை. சில நாள் ஐந்து செய்திகூட வரும். அனுப்பிவிட்டாலே சொல்லியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வதில்தான் கோளாறு.

பிள்ளையையே மொழிபெயர்ப்பாளர் ஆக்குவது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். சர்க்குலர் ஆங்கிலத்தில் வரும். கொஞ்சம் மனசு வைத்தால் இந்தியில் வரும். விழுப்புரத்திலிருந்தோ சேலத்திலிருந்தோ வந்து இருபது வருடம் ஆன அம்மாவுக்கு இந்தி பேசுவது தண்ணீர் பட்ட பாடு. எழுத்துக்கூட்டி வாசிக்கத்தான் வராது. வீட்டில் இரண்டு மொழியும் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் பத்தாவது படிக்கும் பையன். ஆக, தன்மேல் உள்ள புகாரைத் தானே வாசித்து அம்மாவிடம் சொல்ல வேண்டிய பொறுப்பு அவனுடையது.

ஒரு பையனுக்கு வருகைப்பதிவு 68 சதவீதம் என்று எச்சரிக்கை வந்தது. சிபிஎஸ்இ போர்டு எக்ஸாம் எழுத 75 சதவீதம் வேண்டும். பையன் வாசித்துக் காட்டினான்: "68 சதவீதம்னு போட்டிருக்கும்மா." அதில் பொய் ஒன்றும் இல்லை. அம்மா அதை மார்க் என்று நினைத்துக் கேசரி கிண்டிவிட்டார். எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. சாப்பிட்டு முடித்த பிறகுதான் செய்தியை என்னிடம் காட்டினார்.

கெட்டிக்காரப் பையன் என்று சிரித்துவிடலாம். இன்னொரு வீட்டில் நடந்ததற்கு என்னால் சிரிக்க முடியவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பெண், கல்விச் சுற்றுலாவுக்கு 1,500 ரூபாய் கேட்டு வந்த செய்தியை வாசிக்கவே இல்லை. "அந்த மாசம் தாத்தாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவு இருந்துச்சு ஆன்ட்டி" என்றாள். கட்டண விலக்குக் கேட்கலாம் என்பது அதே செய்தியின் அடுத்த பத்தியில் இருந்தது. முதல் பத்தியோடு அவள் நிறுத்திக்கொண்டாள். வீட்டுக்கு எது தெரியலாம், எது தெரியக் கூடாது என்று பதினான்கு வயதுப் பெண் முடிவு செய்யும்படி விட்டது பள்ளிதான்.

இதைச் சரிசெய்யப் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். நாற்பது விநாடிக் குரல்பதிவு ஒன்று போதும். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளில் தமிழாசிரியர்கள் இருக்கிறார்கள். மற்றப் பள்ளிகளில் தமிழ் தெரிந்த ஒரு பெற்றோரைப் பேசச் சொல்லலாம். இந்தியில் பேசினால்கூடப் பாதிக்கு மேல் போய்ச் சேரும். எழுத்துத்தான் மதில்சுவர், காதுக்கு அந்தத் தடை இல்லை. பெற்றோர் கூட்டத்திலும் அம்மாவிடம் நேராகப் பேசுங்கள். "உங்க அம்மாகிட்ட சொல்லுப்பா" என்று பிள்ளையைப் பார்த்துப் பேசினால், அவன் அம்மாவுக்கு எட்டுவது அவன் தணிக்கை செய்து கொடுத்ததுதான்.

தேதியை மூன்றாம் பக்கத்தில் ஒளித்துவைப்பது

"மதிப்பிற்குரிய பெற்றோர்களே" என்று தொடங்கும். தேசியக் கல்விக் கொள்கை 2020 வரும். மாணவரின் முழுமையான வளர்ச்சி வரும். மூன்றாம் பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில், சனிக்கிழமைக்குள் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று இருக்கும். சாய்வாக ஸ்கேன் செய்த பிடிஎஃப் வேறு. ஸ்க்ரீன் உடைந்த போனில் அதைத் திறந்து, இரண்டு விரலால் இழுத்து இழுத்து மூன்றாம் பக்கம்வரை யார் போவார்கள்?

நான் ஒவ்வொரு சர்க்குலரையும் மூன்று வரியாகச் சுருக்கித்தான் பதில் அனுப்புகிறேன். "செய்ய வேண்டியது: சனிக்கிழமைக்குள் அம்மாவோ அப்பாவோ பள்ளிக்குப் போய்ப் பெயர்ப் பட்டியலில் கையெழுத்துப் போடணும். எடுத்துப் போக வேண்டியது: பிள்ளையின் ஆதார், பிறப்புச் சான்றிதழ். போக முடியாவிட்டால்: வகுப்பு டீச்சரை மதியம் 2 மணியிலிருந்து 3 மணிக்குள் கூப்பிடணும்." இந்த மூன்றாவது வரி பள்ளிச் செய்தியில் இருந்து நான் பார்த்ததே இல்லை. முடியாதவர்கள் என்ன செய்வது என்று சொல்லாத அறிவிப்பைப் படிப்பவர், கடைசியில் ஒன்றும் செய்யாமல் இருந்துவிடுகிறார்.

சொற்களும் படுத்துகின்றன. தில்லியில் தேர்வு அட்டவணைக்கு டேட் ஷீட் என்று பெயர். ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு அது பிடிபட ஒரு வருடமாகிறது. எல்ஓசி (தேர்வெழுதுவோர் பட்டியல்), ப்ரீ-போர்டு (போர்டுக்கு முன் பள்ளி வைக்கும் மாதிரித் தேர்வு), இன்டர்னல் (பள்ளியே போடும் மதிப்பெண்) என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முறையாவது விளக்கம் தர வேண்டும். "கம்பார்ட்மென்ட் வந்திருக்குங்க்கா" என்று ஒருவர் சந்தோஷமாகச் சொன்னார். ஊருக்குப் போக டிக்கெட் கிடைத்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். அது கணக்கில் பெயிலாகி மறுதேர்வு எழுத வேண்டும் என்ற தகவல்.

முடிவெடுக்கும் நேரம் போனபின் முடிவைச் சொல்வது

ஒன்பது முதல் பன்னிரண்டு வரை உள்ள நான்கு வருடத்தில் வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் முக்கால்வாசி, மதிப்பெண்ணைப் பற்றியதே அல்ல. எந்தக் கதவு எப்போது சாத்தப்படும் என்பதைப் பற்றியது.

பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பதிலும் பதினொன்றிலும் சிபிஎஸ்இ பதிவு நடக்கும். பத்திலும் பன்னிரண்டிலும் தேர்வெழுதுவோர் பட்டியல், அதாவது எல்ஓசி, போகும். நம் ஆட்களுக்கு இதில் தனிச் சிக்கல் இருக்கிறது. நமக்கு இனிஷியல், தில்லிப் படிவத்துக்கு சர்நேம். பள்ளிப் பதிவேட்டில் எஸ். கார்த்திக், ஆதாரில் கார்த்திக் எஸ், பிறப்புச் சான்றிதழில் வெறும் கார்த்திக் என்று ஒரே பிள்ளை மூன்று ஆளாக இருப்பான். அபார் என்ற மாணவர் அடையாள எண்ணுக்கு ஆதாரும் பள்ளிப் பதிவும் பொருந்த வேண்டும். போர்டு சான்றிதழ் அச்சான பிறகு மாற்றுவது பெரும்பாடு. "விவரங்களைச் சரிபார்க்கவும்" என்று பொதுவாகப் போட்டால் யாருக்கும் உறைக்காது. "இந்தப் பெயர்தான் கடைசிவரை, பாஸ்போர்ட்டிலும் இதுதான்" என்று ஒன்பதாம் வகுப்பிலேயே உட்காரவைத்துச் சொல்ல வேண்டும்.

பத்தாம் வகுப்புக் கணக்கில் ஸ்டாண்டர்ட், பேசிக் என்று இரண்டு வினாத்தாள் உண்டு. 2020 தேர்விலிருந்து இந்த முறை. பாடம் ஒன்றே, வினாத்தாளின் கடினம்தான் வேறு. பேசிக் எளிது என்று பள்ளியே பரிந்துரைக்கும், பையனும் தலையாட்டுவான். பதினொன்றில் கணக்குப் பாடம் எடுக்க ஸ்டாண்டர்ட் வேண்டும் என்பது விதி. இடையில் வாரியம் தளர்வு கொடுத்ததும் உண்டு, அதை நம்பி உட்கார முடியாது. எந்த வினாத்தாள் என்பதைப் பத்தாம் வகுப்பின் நடுவில் எல்ஓசியிலேயே குறித்துவிடுவார்கள். இன்ஜினியரிங் கனவுள்ள அப்பாவுக்கு அது ரிசல்ட் வந்த பிறகு தெரிந்தால் யாரைக் குற்றம் சொல்வது?

2026 முதல் பத்தாவதுக்கு இரண்டு போர்டு எக்ஸாம் என்றதும் என் வட்டாரத்தில் பரவிய செய்தி: "பிப்ரவரியில முடியலேன்னா மே மாசம் எழுதிக்கலாம்." அப்படி இல்லை. முதல் தேர்வு கட்டாயம். இரண்டாவது, அதிகபட்சம் மூன்று பாடங்களில் மதிப்பெண்ணைக் கூட்டிக்கொள்ள. முதல் தேர்வில் மூன்று பாடமோ அதற்கு மேலோ எழுதாதவருக்கு இரண்டாவது கிடையாது. பள்ளி வாயைத் திறக்காத இடத்தில் தெருக்கோடி டீக்கடை பேசிவிடுகிறது, அவ்வளவுதான்.

பன்னிரண்டாவது வீடுகளில் இன்னும் பழைய கதை ஓடுகிறது. 2021 வரை தில்லிப் பல்கலைக்கழகத்தில் சேர கட்-ஆஃப் பட்டியல்தான். சில படிப்புகளுக்கு நூற்றுக்கு நூறு கேட்டார்கள். 2022 முதல் க்யூட் (CUET) என்ற பொது நுழைவுத்தேர்வு. தில்லிப் பல்கலைக்கழகத்தில் சேர, பன்னிரண்டில் படித்த பாடங்களைத்தான் அதிலும் எழுத வேண்டும். அப்படியானால் பதினொன்றில் எந்தப் பாடம் எடுப்பது என்பதே கல்லூரி வாசல். இதைப் பதினொன்றின் முதல் வாரத்தில் சொன்னால் பயனுண்டு. பன்னிரண்டின் பிப்ரவரியில் சொல்வது சம்பிரதாயம்.

ஊர்ப்பக்கம் கல்லூரி தேடுகிறவர்களை எந்தத் தில்லிப் பள்ளியும் நினைத்துப் பார்ப்பதில்லை. எட்டு முதல் பன்னிரண்டுவரை வெளிமாநிலத்தில் படித்த தமிழ்ப் பிள்ளை, தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்குப் பிறப்பிடச் சான்றிதழ் காட்ட வேண்டும். நேட்டிவிட்டி என்பார்களே, அது. தாத்தா பாட்டி இருக்கும் ஊரில் அலைந்து வாங்க வேண்டிய காகிதம். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதே தெரிந்திருந்தால் ஒரு வார வேலை. கலந்தாய்வுப் பதிவு தொடங்கிய பிறகு தெரிந்தால், தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு ராத்திரி உட்கார்ந்து போக வேண்டும்.

ஏப்ரல் விஷயம் சின்னது, ஆனால் ஒவ்வொரு வருடமும் நடக்கும். இங்கே புது வகுப்பு ஏப்ரலிலேயே தொடங்கிவிடும். ஒன்பதாவது பரீட்சை முடிந்ததும், நம் ஊர் வழக்கப்படி ஜூனில்தான் பள்ளி என்று எண்ணிச் சித்திரைத் திருவிழாவுக்குக் கிளம்பிவிடுவார்கள். பத்தாவதின் முதல் மாதம் போச்சு. அந்த 75 சதவீதத்தில் ஓட்டை விழுவது அங்கேதான்.

வர முடியாத நேரத்தில் கூப்பிட்டு, வரவில்லை என்று எழுதுவது

சனிக்கிழமை காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை பிடிஎம், அதாவது பெற்றோர் கூட்டம். வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்கு நான்கு வீட்டுப் பாத்திரமும் காத்திருக்கும் நேரம் அது. சனிக்கிழமை என்றால் அந்த வீடுகளில் எல்லாரும் இருப்பார்கள், வேலை இன்னும் கூடும். ஒரு வேளை போகாவிட்டால் சம்பளத்தில் பிடிப்பு. பள்ளிக் கோப்பிலோ "பெற்றோருக்கு அக்கறை இல்லை" என்று ஏறிவிடும். நானும் அப்படி எழுதியிருக்கிறேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. மதியம் இரண்டுக்கு மேல் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பாருங்கள், வருவார்கள்.

2025 ஜூன் 1 அன்று தெற்குத் தில்லி ஜங்புராவில் தமிழர்கள் வாழ்ந்த குடிசைப் பகுதியான மதராஸி கேம்ப் இடிக்கப்பட்டது. மாற்று வீடு கிடைத்த குடும்பங்களுக்கு அது நகரின் வடக்குக் கோடியில், நரேலாவில். தெற்குத் தில்லிப் பள்ளியில் பெயர் இருக்கும் பிள்ளையின் அம்மா, பத்து நிமிடப் பேச்சுக்காக ஒரு நாளை முழுதாகக் கொடுக்க வேண்டும். அதையே போனில் பேசினால் குறைந்துபோவது ஒன்றும் இல்லை.

இன்னும் சில

பள்ளியிலிருந்து போன் என்றாலே வயிற்றைக் கலக்கும்படி வைத்திருப்பதும் தவறு. பையன் கபடியில் நன்றாக ஆடினான் என்று சொல்ல ஒரு முறை கூப்பிட்டுப் பாருங்கள். அடுத்த முறை புகார் சொல்லும்போது அந்த அப்பா சண்டைக்கு வராமல் காதுகொடுத்துக் கேட்பார்.

வகுப்பு வாட்ஸ்ஆப் குழுவில் எல்லார் மதிப்பெண்ணையும் பட்டியலாகப் போடாதீர்கள். நாற்பது வீட்டுக்கு முன்னால் ஒரு பிள்ளையை நிறுத்திவைப்பது அது.

காற்று மாசுக்காக விடும் விடுமுறை அறிவிப்பில் வகுப்பை முதல் சொல்லாகப் போடுங்கள். 2024 நவம்பர் 17 இரவு, பத்தும் பன்னிரண்டும் தவிர மற்றவர்களுக்கு ஆன்லைன் என்றார்கள். மறுநாள், பத்தும் பன்னிரண்டும்கூட வர வேண்டாம் என்றார்கள். இரண்டு செய்தியும் பார்க்க ஒரே மாதிரி இருந்தன. காலையில் புகைமூட்டத்தில் பூட்டிய கேட் வரைக்கும் போய்த் திரும்பிய பிள்ளைகள் உண்டு.

நம் பக்கமும் குறை இல்லாமல் இல்லை. புரியாவிட்டாலும் "சரி மேம், சரி மேம்" என்று தலையாட்டிவிட்டு வருகிறோம். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண் சில மாதத்தில் வேறொருவர் கைக்குப் போய்விடும். அதைப் பள்ளியில் மாற்றித் தர மறக்கிறோம். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அப்பாவின் பழைய எண்ணுக்கே எட்டு மாதம் எல்லாச் செய்தியும் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் வகுப்பு டீச்சர் அந்த எண்ணைக் கூப்பிட்டபோது எடுத்தவர் காஜியாபாத்தில் கடை வைத்திருக்கும் யாரோ. ராங் நம்பர் என்று வைத்துவிடாமல் நிதானமாகச் சொன்னாராம்: "பையன் மத்ததெல்லாம் நல்லாப் பண்றான் மேம். கணக்குதான் ரெண்டு டெஸ்டா இறங்கியிருக்கு. வீட்ல யார்கிட்டயாவது சொல்லுங்க."