ஏசி மின்செலவை மதிப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் ஏசி உள்ள வீடுகளில் எழும் கேள்வி, இந்தக் கோடைக்குக் கரண்ட் பில் எவ்வளவு வரும் என்பதுதான். ஊரின் வெப்பநிலைப் பதிவை வைத்தே ஓரளவு சரியாகச் சொல்லிவிடலாம். அதற்கு உதவுவது ‘டிகிரி நாள்’ கணக்கு. ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பநிலையிலிருந்தும் ஓர் அடிப்படை எண்ணை, அதாவது அதற்குக் கீழே ஏசி தேவைப்படாது என்று கொள்ளும் வெப்பநிலையைக் கழித்து, மிச்சத்தைக் கூட்டிக்கொண்டே வர வேண்டும். அந்த அடிப்படை எண்ணில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

இணையத்தில் கிடைக்கும் பல அட்டவணைகள் 18 டிகிரியைக் கழிக்கின்றன. அமெரிக்காவில் 65 ஃபாரன்ஹீட் என்று வழக்கத்துக்கு வந்த எண் அது. சென்னையில் சராசரி வெப்பநிலை மே மாதம் சுமார் 32.5, டிசம்பரில் சுமார் 25.5. 18-ஐக் கழித்தால் மே மாதத்துக்கு ஏறத்தாழ 450 டிகிரி நாள், டிசம்பருக்கு 230 வருகிறது. அதாவது, மே மாதம் ஓடியதில் பாதியளவு டிசம்பரிலும் ஏசி ஓட வேண்டும்! மார்கழிக் குளிரில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளும் ஊரில் இது எப்படி நடக்கும்? 24-ஐக் கழித்துப் பாருங்கள். மே 260, டிசம்பர் 45 என்று வரும். நம் வீடுகளில் நடப்பதோடு ஒத்துப்போவது இந்தக் கணக்குதான்.

எந்த வானிலை நிலையத்தின் பதிவு என்பதையும் பார்க்க வேண்டும். கடற்காற்று தாமதமாகும் நாள்களில் நுங்கம்பாக்கத்தைவிட மீனம்பாக்கத்தில் வெயில் கூடுதலாக ஏறும். தாம்பரத்துக்காரருக்கு மீனம்பாக்கப் பதிவே பொருத்தம்.

டிகிரி நாளுக்கு ஈரப்பதம் தெரியாது. ஏசிக் குழாயிலிருந்து வாளியில் சொட்டும் தண்ணீரைக் கவனியுங்கள். அவ்வளவும் அறைக் காற்றில் இருந்த ஈரம். அதைப் பிழிந்தெடுக்கவும் மின்சாரம் வேண்டும். கடலோரச் சென்னையில் இந்த வேலை மதுரையைவிட அதிகம். மொட்டை மாடிக்கு நேர் கீழே குடியிருப்பவர்களுக்கு இன்னொரு சுமையும் உண்டு. இரவு பத்து மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறி மேல்தளத்தில் உள்ளங்கையை வைத்தால் சுடும். பகலெல்லாம் குடித்த வெயிலைக் கான்கிரீட் அப்போதுதான் அறைக்குள் இறக்குகிறது. இது எந்த வானிலைப் பதிவிலும் இருக்காது.

ஏசியின் நட்சத்திர லேபிளில் உள்ள ஆண்டு யூனிட், 1,600 மணி நேர ஓட்டத்துக்கானது. இரவு எட்டு மணி நேரம் வீதம் 200 நாள்கள். பகலிலும் வீட்டிலிருந்தே வேலை செய்பவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவார்.

யூனிட்டைச் சராசரி விலையால் பெருக்குவதும் தவறு. தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் கட்டண விகிதம் கூடிவிடும்.

கடைசியாக, உங்கள் பழைய பில்களை எடுங்கள். மே-ஜூன் யூனிட்டிலிருந்து டிசம்பர்-ஜனவரி யூனிட்டைக் கழித்து, அவ்விரு காலங்களின் டிகிரி நாள் வித்தியாசத்தால் வகுத்தால், ஒரு டிகிரி நாளுக்கு உங்கள் வீடு எத்தனை யூனிட் கேட்கிறது என்பது கிடைக்கும். டிசம்பரில் கீசர் ஓடியிருந்தால் அதன் யூனிட்டை முதலிலேயே நீக்கிவிடுங்கள்.